அக்காவின் முட்டியும் நான் பார்க்கும் இடுப்புகளும்

1

நான் பெர்கன் வந்து பதினெட்டு வருஷம் ஆனதற்காகப் போன வாரம் ஆய்வகத்தில் கேக் வெட்டினார்கள். நார்வேக்காரர்கள் கேக் வெட்டப் பெரிய காரணம் தேடுவதில்லை. பழுதாகிக் கிடந்த ஃப்ரீசர் திரும்ப ஓட ஆரம்பித்ததற்கு ஒருமுறை வெட்டினோம். அதற்கு வந்த கூட்டம் எனக்கு வந்ததைவிட அதிகம் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

கேக்கைத் தின்றபடி எங்கள் ஆய்வகத் தலைவி இங்ரிட் கேட்டாள். "நீ இங்கே என்ன வேலை பார்க்கிறாய் என்று உன் ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்?"

ஊர் என்றால், கந்தர்வக்கோட்டையிலிருந்து முந்திரிக்காட்டு வழியாக உள்ளே போகும் டவுன் பஸ் கடைசியாகத் திரும்புகிற இடம். அங்கே நான் எலும்பு டாக்டர். என் அக்கா வீட்டுக்காரர், அதாவது அத்தான், அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். நான் டாக்டருக்குப் படிக்கவில்லை, உயிர்வேதியியலில் பிஎச்.டி. வாங்கியவள், இதுவரை ஒருவருக்கு ஊசிகூடப் போட்டதில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் "அதெல்லாம் ஒண்ணுதான்" என்று விடுவார். விடுமுறைக்குப் போய் இறங்கினால் மறுநாள் காலையில் எக்ஸ்ரே கவரோடு நாலு பேர் வாசலில் நிற்பார்கள். முதல் வருஷம் மறுத்துப் பார்த்தேன். டாக்டரம்மா ரொம்பத் தன்னடக்கம் என்று பேர் வந்தது. அதன்பிறகு மறுப்பதில்லை, எக்ஸ்ரேயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல டாக்டராப் பாருங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

இதைச் சொன்னதும் இங்ரிட் சிரித்தாள். சிரிக்கட்டும். அந்த எலும்பு டாக்டர் பட்டம் இந்த வருஷம் என்னை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனது என்று நார்வீஜிய மொழியில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. தமிழில் சொல்கிறேன்.

2

என் வேலை இடுப்பு. தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து இருக்கிறது. இடுப்பெலும்பில் அது உட்காரும் கிண்ணம் இருக்கிறது. பந்து கிண்ணத்துக்குள் சுழல்வதால்தான் நாம் நடக்கிறோம், குந்துகிறோம், ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறுகிறோம். எலும்பும் எலும்பும் உரசிக்கொள்ளாமல் இருக்க மேலே வழவழவென்று குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். அது சிதைந்து போவதைத்தான் மூட்டுத் தேய்மானம் என்கிறோம். ரொம்ப முற்றிவிட்டால் பந்தை வெட்டி எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைப்பார்கள். வெட்டி எடுத்த பந்து ஐஸ் பெட்டியில் எனக்கு வந்து சேரும். பெரிய எலுமிச்சம்பழம் அளவு இருக்கும்.

அதற்கு நோயாளியிடம் முதல் நாளே அனுமதி கேட்க வேண்டும். வந்த புதிதில் என் நார்வீஜிய மொழி தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தது. ஒரு வயசான மீனவரிடம் போய், "உங்கள் இடுப்பை எனக்குத் தருகிறீர்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் நிதானமாக யோசித்து, "நாளைக்குக் காலை பத்து மணிவரை அது எனக்கு வேண்டும். அதற்கு அப்புறம் நீ வைத்துக்கொள்" என்றார். அந்த வார்டில் இன்றுவரை என்னைக் கண்டால் பத்து மணி ஆகிவிட்டதா என்று கேட்கிறார்கள்.

பந்து வந்ததும் இரண்டு இடத்தில் குருத்தெலும்பைச் சீவி எடுப்பேன். ஒன்று தேய்ந்துபோன இடம். மற்றது, அதே பந்தில் இன்னும் வழவழப்பு மாறாத இடம். இரண்டு இடத்துச் செல்களும் ஒரே ஆளுடையவை, உள்ளே இருக்கும் மரபணுக்களும் அதேதான். ஆனால் எந்த மரபணு வேலை செய்கிறது, எவ்வளவு வேகமாகச் செய்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். பாடப்புத்தகத்தில் இதற்கு மரபணு வெளிப்பாடு என்று பேர். அத்தானுக்கு நான் சொன்னது வேறு மாதிரி. தெருவில் எல்லா வீட்டிலும் மைக் செட் இருக்கிறது, யார் வீட்டில் போட்டிருக்கிறார்கள், எவ்வளவு சத்தமாகப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவதுதான் என் வேலை என்றேன்.

"இதுக்கு நார்வே வரைக்கும் போகணுமா? ஆடி மாசம் நம்ம தெருவுல உக்காந்திருந்தாப் போதுமே" என்றார் அத்தான்.

தேய்ந்த இடத்துச் செல்கள் ஓய்ந்து கிடக்கும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. குருத்தெலும்பை வெட்டித் தள்ளும் நொதிகளுக்கான மரபணுக்கள் அங்கே பெரும் சத்தமாக இருக்கும். அதே நேரம் குருத்தெலும்பைக் கட்டியெழுப்பும் மரபணுக்களில் சிலவும் மும்முரமாக வேலை செய்யும். சின்ன வயதில் எலும்பு வளர்ந்தபோது வேலை பார்த்துவிட்டு அடங்கிப்போன சிலதுகூட மறுபடி எழுந்து வந்துவிடும். பழுதுபார்க்கத்தான் இத்தனை பாடும். ஆனால் ஒன்றும் உருப்படாது. பதினைந்து வயதாகும் என் மகள் யாழினி இதைக் கேட்டுவிட்டு, "நீயும் அப்பாவும் பாத்ரூமைப் புதுப்பித்த மாதிரி" என்றாள். அந்த பாத்ரூமைப் பார்த்தவர்கள் யாரும் அவள் சொன்னதை மறுக்க முடியாது.

இந்தச் செல்களிடம் எனக்குத் தனிப் பாசம் உண்டு. அவற்றுக்கு ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. ஒவ்வொன்றும் தனித்தனி அறையில், அடுத்ததைத் தொடாமல், ஆயுள் பூராவும் உட்கார்ந்திருக்கும். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பும் அப்படித்தான். மேல்வீட்டுக்காரர் பேர் எனக்கு எட்டாவது வருஷம்தான் தெரிய வந்தது. அதுவும் அவருடைய பார்சல் தவறி எங்கள் கதவுக்கு வந்ததால்.

3

அக்கா பேர் வசந்தா. ஐம்பத்தொரு வயது. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கழுத்தில் விசில் தொங்காமல் அவளை நான் கல்யாண மேடையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அவள் பிளஸ் டூ படிக்கும்போது மாவட்ட அளவில் கபடிப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் எதிரணி மீமிசல் பக்கத்துப் பெண்கள். அக்கா ரெய்டு போனாள். எதிரணித் தலைவி அவளுடைய வலது கணுக்காலைப் பிடித்தாள். அக்கா திமிறினாள். முட்டி திருகிக்கொண்டது. கோப்பை கடற்கரைப் பக்கம் போனது, அக்கா கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். எதிரணித் தலைவியின் பேர் மல்லிகா.

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய சங்கதி. ஆனால் அக்காவுக்குக் கல்யாணமாகி சில வருஷத்தில் அத்தானின் தம்பிக்குப் பெண் பார்த்து முடித்தார்கள். அக்காவுக்கு அப்போது பிரசவ நேரம், பெண் பார்க்கப் போகவில்லை. கல்யாணத்தன்று மணவறையில்தான் முதலில் பார்த்தாள். "மூஞ்சி மறந்துருச்சுடி. மாலை வாங்குன கையப் பாத்தேன். அந்தக் கை எனக்கு மறக்குமா?" என்று பிறகு என்னிடம் சொன்னாள். ஆக, முட்டியைத் திருகிய மல்லிகா அக்காவுக்கு ஓரகத்தியாக வந்து, பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் குடியேறினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு ஏற்பாடு. விசேஷம் என்றால் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பாள். குனிவது, குந்துவது, மாவு ஆட்டுவது, அண்டா கழுவுவது எல்லாம் மல்லிகா. பேசுவது எல்லாம் அக்கா. மாடிப்படி ஏறும்போது "யம்மா" என்பாள், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி. மல்லிகா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. தன் கைதான் கெடுத்தது என்று அவளும் முழுமனதாக நம்பினாள். நடுவில் பத்துப் பதினைந்து வருஷம் அந்த முட்டி வலிக்கவே இல்லை என்பதை அத்தான் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்திலும் "யம்மா" நிற்கவில்லையாம்.

நாற்பத்தைந்துக்கு மேல் உண்மையாகவே வலி வந்தது. முட்டிக்கு எண்ணெய், முட்டிக்கு உறை, முட்டிக்கு ஊசி. கடைசியில் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு வெள்ளியில் கால் உரு வாங்கிச் சாத்தினார்கள். கோயில் வாசல் கடையில் கண் இருக்கும், கை இருக்கும், கால் இருக்கும், தொட்டில் இருக்கும். முட்டி மட்டும் தனியாகக் கிடைக்காது. முழுக் கால்தான். அதைத் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு போனது மல்லிகாவின் கை. அந்தத் தகட்டில் கால் பாதத்தில் ஆரம்பித்துத் தொடையோடு நின்றுவிடுகிறது. இன்னும் ஒரு விரற்கடை மேலே போயிருந்தால் அம்மனுக்குச் சரியான விலாசம் கிடைத்திருக்கும்.

4

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. பெர்கனில் காலை, மழை. எங்கள் ஊர்க்காரர்கள் வருஷம் பூரா அண்ணாந்து பார்த்துக் காத்திருக்கும் மழை இங்கே கேட்பாரில்லாமல் கொட்டுகிறது. இதை நினைத்து வயிறெரியாமல் நான் ஒருநாளும் குடை விரித்ததில்லை. ஊரில் அப்போது மத்தியானம் தாண்டியிருந்தது. அக்கா பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு என்னோடு பேசினாள்.

பேச்சுக்கு நடுவே திரையின் ஓரத்தில் இரண்டு கைகள் வந்தன. அக்காவின் வலது காலில் சாக்ஸை மாட்டின, ஷூவை மாட்டின, கயிற்றை இழுத்துக் கட்டின. இடது காலுக்கு அக்கா தானே குனிந்து கட்டிக்கொண்டாள்.

"யாருக்கா அது?"

"மல்லிகாதான். வலது பக்கம் எனக்குக் கை எட்டல. தெனம் இவதான் கட்டி விடுறா. கட்டட்டும், யாரால வந்தது?"

"நல்லா இருக்கியா சுமதி?" என்று மல்லிகா திரைக்குள் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, கொடியில் துணி எடுக்க வேண்டும் என்று போய்விட்டாள்.

எனக்கு மழைச் சத்தம் கேட்கவில்லை. காலுறை போட முடிகிறதா என்பது இங்கே இடுப்புத் தேய்மானம் உள்ளவர்களிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று. முட்டி மட்டும் கெட்டவர்கள் எப்படியாவது சமாளித்து மாட்டிவிடுவார்கள். இடுப்பு கெட்டவர்களுக்குத் தங்கள் பாதம் அடுத்த ஊரில் இருக்கிற மாதிரி.

"அக்கா, வலது கணுக்கால எடுத்து இடது தொடை மேல வையி."

"எதுக்குடி?"

"வையேன்."

கையால் தூக்கிப் பார்த்தாள். பாதி வழியில் கால் நின்றுவிட்டது.

"தொடை ஆரம்பிக்கிற எடத்துல, முன்பக்கமா, உள்ளுக்குள்ள இழுக்குதா?"

"இழுக்குதுதான். முட்டி வலி மேல ஏறிருக்கு."

"ஏறலக்கா. அங்கேருந்து முட்டிக்கு எறங்கிருக்கு. ஒனக்கு இடுப்பு மூட்டுதான் கெட்டிருக்கு. ரெண்டு எடத்துக்கும் போற நரம்பு ஒரே தடம். மூளைக்கு எடம் மாறித் தெரியும்."

அக்கா விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீ நாள் பூரா பாக்குறது இடுப்பு. ஒனக்கு எல்லாமே இடுப்பாத்தான் தெரியும்" என்று சொல்லிப் போனை அணைத்துவிட்டாள்.

5

அத்தானை விட்டு ஆளைத் தஞ்சாவூருக்குக் கிளப்பினேன். பள்ளிக்கூடத்துக்கு வாலிபால் நெட் வாங்க வேண்டும் என்று சொல்லிக் கூட்டிப்போய், நெட்டும் வாங்கிக்கொடுத்து, எக்ஸ்ரேயும் எடுத்துவிட்டார். சாயங்காலம் வாட்ஸப்பில் படம் வந்தது. தலைகீழாக, டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து, அத்தானின் கட்டைவிரலோடு.

நான் டாக்டர் இல்லை என்பதை மறுபடி சொல்லிக்கொள்கிறேன். ஆனால் இதைப் பார்க்க டாக்டராக இருக்க வேண்டியதில்லை. வலது பக்கம் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. எலும்போடு எலும்பு உட்கார்ந்திருந்தது. அதைவிட முக்கியம், கிண்ணம் ஆழமில்லை. பிறவியிலேயே மேலோட்டமான கிண்ணம். அப்படி இருந்தால் பாரமெல்லாம் ஒரே இடத்தில் இறங்கி, மற்றவர்களைவிடச் சீக்கிரம் தேய்ந்துவிடும். இடது பக்கமும் அதே மாதிரிதான், என்ன, இன்னும் தேய ஆரம்பிக்கவில்லை. முட்டியில் வயசுக்கு மீறிய கோளாறு ஒன்றும் இல்லை. தஞ்சாவூர் டாக்டரும் இதையேதான் சொன்னார். மூட்டை மாற்றிவிடலாம், தள்ளிப்போட்டால் கால் விறைத்துப்போகும், அப்புறம் மைதானத்தில் நிற்பதையே மறந்துவிட வேண்டும் என்றார்.

மைதானத்தில் நிற்காத அக்காவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உடனே சம்மதிப்பாள் என்று நினைத்தேன். அவளோ ஊசி என்றாலே தனக்கு ஆகாது என்றாள். பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை என்றாள். மயக்க மருந்து கொடுத்தவர்கள் எழுந்திருக்காமலே போன கதைகளாகப் பார்த்துச் சொன்னாள். எலும்பு முறிந்த பிள்ளைகளை எத்தனையோ தடவை தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் இவள். நான் நம்பவில்லை. விடாமல் தினமும் போன் பண்ணினேன். ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"சுமதி, அவ இழுத்த இழுப்புல இடுப்பு கழண்டிருக்கலாம்ல?"

அக்கா எங்கே வந்து நிற்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

"அவ இழுத்தது வலது கால். ஒனக்கு ரெண்டு கிண்ணமுமே ஆழமில்லை. எடது பக்கத்த யாரு இழுத்தா?"

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"மல்லிகாகிட்ட சொல்லிறாத" என்றாள்.

"ஏன்க்கா?"

"தெனம் காலையில ஆறரைக்கு இங்கிட்டு வாரா. ஷூ மாட்டி விடுறா. பெறகு ரெண்டு பேரும் டீ குடிக்கிறோம். நான் ஏதாச்சும் திட்டுவேன், அவ கேட்டுக்குவா. மகனும் வேலைக்குன்னு கோயமுத்தூர் போயிட்டான், பேச வேற யாரு இருக்கா? அவ மேல தப்பில்லைன்னு ஆயிட்டா அவ எதுக்கு வாரா?"

ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரியில் கூட இருக்கப் போவது மல்லிகாதான். எந்த இடத்தில் ஆபரேஷன் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. ஆகவே அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை விட்டுவிடத் தயாராக இருந்தாள். இத்தனை வருஷம் எந்தெந்த மரபணு எதற்காகச் சத்தம் போடுகிறது என்று பார்த்தவளுக்கு, சொந்த அக்கா எதற்காகச் சத்தம் போட்டாள் என்பது போனில்தான் தெரிந்தது.

6

ஜூலையில் யாழினியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அவளுக்கு நார்வே பாஸ்போர்ட். பெரியம்மா வீட்டுக்குப் போக விசா வேண்டும். விண்ணப்பத்தில் புகைப்படம் மூன்று தடவை திரும்பி வந்தது. ஒருமுறை நிழல், ஒருமுறை அளவு, ஒருமுறை காது. "நான் போறது உன் அக்கா வீட்டுக்கு, என் காதை எதுக்கு அவங்க பாக்கணும்?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

யாழினி நன்றாகத் தமிழ் பேசுவாள். ஆனால் நம்மைப் போலச் சுற்றி வளைத்துப் பேச வராது. இங்குள்ள பள்ளிக்கூடத்தில் கேட்டால் உள்ளதைச் சொல், கேட்காவிட்டாலும் தெரிந்தால் சொல் என்றுதான் வளர்க்கிறார்கள். ஊரில் எதை யாரிடம் சொல்லக்கூடாது என்று தெரிந்துவைத்திருப்பதுதான் பாதிப் படிப்பு. அவள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. நானோ எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று மாதமாக இடுப்பைப் பற்றிப் பேசிவிட்டு, அவளிடம் வாயைக் கட்டச் சொல்ல மறந்துவிட்டேன்.

போன மறுநாள் மத்தியானம் எல்லோரும் அக்கா வீட்டில் சாப்பிட்டோம். மல்லிகாவின் தம்பி மீமிசலிலிருந்து கொடுத்தனுப்பிய மீனை அவளே குழம்பு வைத்துப் பரிமாறினாள். அக்கா கைகழுவப் போனவள் சுவரைப் பிடித்து நின்று, ஒவ்வொரு எட்டாக எடுத்து வைத்தாள். மல்லிகா கரண்டியோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாரு யாழினி, என் கை செஞ்ச வேல" என்றாள், மெதுவாக.

"இல்ல சித்தி" என்றாள் யாழினி. "உங்களால இல்ல. பெரியம்மாவுக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு. இடுப்புதான் கெட்டுப்போச்சு. பிறந்ததுலேர்ந்தே அப்படி. அம்மா எக்ஸ்ரே பாத்தாங்க. ஏப்ரல்லயே தெரியும். உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

அத்தான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். அக்கா குழாயடியில் திரும்பாமல் நின்றாள். தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய? அவள் கரண்டியைச் சட்டிக்குள் வைத்து, மூடி போட்டு மூடி, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரச் சத்தம்கூட இல்லை. யாழினி என்னிடம் வந்து, "நான் நல்ல விஷயம்தானே சொன்னேன்?" என்று கேட்டாள். நல்ல விஷயம்தான் என்றேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு அக்கா யூனிஃபார்ம் போட்டு, ஷூவை முன்னால் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஆள் வரவில்லை. நான் கட்டிவிடுகிறேன் என்றேன். "வேணாம்" என்றாள். டீ ஆறிப்போனது. பால்காரர் வந்து போனார். வாசலைப் பார்க்காத மாதிரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. யாழினியை ஊருக்கே கூட்டிவந்திருக்கக் கூடாது என்றுகூட நினைத்துவிட்டேன்.

ஏழு மணி சுமாருக்கு மல்லிகா வந்தாள். வழக்கம்போலத் தரையில் உட்காரவில்லை. மேற்பார்வை நாற்காலியை இழுத்துப் போட்டு, அக்காவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தேன்க்கா" என்றாள். "இந்த வீட்டுக்கு நான் ஆட்டுன மாவுல ஊருக்கே தோசை ஊத்தலாம். ஒங்க மகன் காதுகுத்துக்கு அத்தனை அண்டாவையும் நான் ஒருத்தியே கழுவுனேன். நீங்க இந்தச் சேர்ல உக்காந்துக்கிட்டு அடி புடிச்சிருக்கு, இன்னொருக்கா தேயின்னீங்க. நான் தேச்சேன்."

அக்கா கழுத்து விசிலைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷத்துல ஒரு சொல்லு எதுத்துப் பேசிருக்கேனா? எனக்குப் பேசத் தெரியாதுன்னா நெனச்சீங்க? மீமிசல்ல மீன் ஏலத்துல வாயக் குடுத்து ஜெயிச்சவ எங்கம்மா."

"தெரியும்" என்றாள் அக்கா. குரல் எழும்பவில்லை.

"எனக்கு ஒங்ககிட்ட சண்டை போடணும். நெறையப் போடணும். ஆனா இப்பப் போட மாட்டேன். நொண்டிக்கிட்டு நிக்கிறவங்ககிட்டப் போட்டா ஊரு என்னையத்தான் கேக்கும். போயி ஆபரேசனப் பண்ணிக்கிட்டு வந்து நேரா நில்லுங்க. அப்பறம் வச்சுக்குறேன்."

அக்கா கொஞ்ச நேரம் தன் ஷூவையே பார்த்தாள். "ஆஸ்பத்திரில யாரு கூட இருக்கா?" என்று கேட்டாள்.

"நான்தான் இருக்கணும். வேற யாரு இருக்கா? அங்க வச்சு ஒண்ணும் பேச மாட்டேன், பயப்படாதீங்க."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். ஷூவைத் தொடவில்லை. அன்று அக்கா செருப்பு மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். போகும் வழியில் அத்தான் பைக்கின் பின்னால் உட்கார்ந்தபடியே தஞ்சாவூர் டாக்டருக்குப் போன் போட்டு நாள் கேட்டிருக்கிறாள். யாழினிக்கு அன்று மத்தியானம் இரண்டு மீன் துண்டு கூடுதலாக வந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

7

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் அப்போது பெர்கனில் இருந்தேன். மயக்கம் தெளிந்ததும் அக்கா போனில் கேட்ட முதல் கேள்வி, "எம் பந்த என்னடி பண்ணிருப்பாங்க?" என்பதுதான். ஆஸ்பத்திரிக் கழிவோடு போயிருக்கும் என்றேன். "ஒனக்கு அனுப்பச் சொல்லிருக்கலாம்ல?" என்றாள். உண்மையில் எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு எலும்பைத் தஞ்சாவூரிலிருந்து நார்வேக்குக் கொண்டுவர எத்தனை அலுவலகத்தில் எத்தனை முத்திரை வேண்டும் என்று யோசித்தேன். மகளின் காதுக்கே அந்தப் பாடு பட்டவள் நான். விட்டுவிட்டேன். ஆயிரம் பேர் இடுப்பைப் பார்த்தும், என் வீட்டு இடுப்பு ஒன்று மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை என்ற குறை இருக்கத்தான் செய்கிறது.

ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் மல்லிகா சொன்ன சொல் தவறவில்லை. கஞ்சி கொடுத்தாள், கழுவிவிட்டாள், வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கவைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. "அவ பேசாம இருக்குறதுதான்டி பயமா இருக்கு" என்று அக்கா எனக்கு ரகசியமாகச் சொன்னாள். முட்டி வலி போன இடம் தெரியவில்லை என்பதையும் சொன்னாள், ஏதோ தன்னைக் கேட்காமல் யாரோ எடுத்துப் போய்விட்ட மாதிரி.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் பண்ணினாள். ரெண்டு நாள் முன்னால்தான் டாக்டர் கைத்தடியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, இனி சும்மா நடங்க என்று அனுப்பியிருந்தார். குரல் தேய்ந்துபோயிருந்தது. சளி பிடித்திருக்கிறதோ என்று கேட்டேன்.

"சளியெல்லாம் இல்ல. மல்லிகா ஆரம்பிச்சுட்டா."

"எப்பேருந்து?"

"காலையில டீயோட வந்தா. நேரா நில்லுங்கன்னா. நின்னேன். ஒரு சுத்து நடந்து காட்டுங்கன்னா. நடந்தேன். நல்லா இருக்குன்னு சொல்லிட்டு ஆரம்பிச்சா பாரு. கல்யாணத்தன்னைக்கு நான் மொறச்சுப் பாத்ததுலேருந்து வரிசையா வாரா. ஒண்ணையும் மறக்கல. நானும் மொதல்ல ரெண்டு வார்த்த பேசிப் பாத்தேன். முடியலடி. என்னா வாயிங்கிற."

"எதுவரைக்கும் வந்திருக்கு?"

"எம் மகனுக்கு மொட்டையடிச்சது வரைக்கும்."

"இப்ப எங்க அவ?"

"சோத்துக்குப் போயிருக்கா. சாப்பிட்டுட்டு மிச்சத்தப் பேச வாரேன்னுட்டுப் போயிருக்கா. நானும் ரெண்டு வாயி சாப்பிடணும், அவ வந்துருவா. வச்சுறட்டா?"